ஒரே கொடியின் பூக்கள்

நான் புனேயில் சேர்ந்த ஆய்வு நிறுவனத்தின் பின்புறம் நீளமான ஒரு பிளாஸ்டிக் கொட்டகை இருந்தது. அதற்குள் ஒரு கடற்கரை இருந்தது. கொங்கண் கரையிலிருந்து மலைப்பாதை வழியாக டெம்போவில் ஏற்றி வந்த மணலைச் சிமெண்ட் தொட்டிகளில் கொட்டி, அதில் அடப்பங்கொடி வளர்த்தார்கள். ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த தடித்த இலைகள். அகலமாக வாய் திறந்த ஊதாப் பூக்கள். கடலுக்கு எதிரே உப்புக் காற்று நேராக முகத்தில் அடிக்கிற மணல் மேட்டில் கிடக்க வேண்டிய கொடி, லாரி இரைச்சல் கேட்கும் ஊருக்குள் கிடந்தது.

முனைவர் பட்டத்துக்கு அந்தக் கொடியைத்தான் படிக்க வந்திருந்தேன். எனக்குக் கடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சொந்த ஊர் கோவில்பட்டி. கரிசல் மண்ணும் தீப்பெட்டி ஆபீஸுமாக இருக்கிற ஊர். ஆனால் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது, மணலே மண்ணாக, உப்பே தண்ணீராக ஒரு செடி வாழ்கிறது என்பது எனக்குள் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அந்தச் செடியைப் பற்றி நாட்டிலேயே நன்றாகத் தெரிந்த சிலரில் ஒருவர் புனேயில் இருந்தார். அவரிடமே இடம் கிடைத்தது.

அவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து புனேயின் கட்கிப் பகுதிக்கு வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். மேடம் பிறந்தது, படித்தது, ஒரு மராட்டியரைக் கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இங்கேதான். அவர் மராத்தி பேசினால் யாரும் வெளியூர்க்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

முதல் நாள் என் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தமிழா? எந்த ஊரு?"

"கோவில்பட்டி, மேடம்."

"நல்லதாப் போச்சு. இங்க எனக்குத் தமிழ் பேச ஆளே இல்ல."

போபோடியில் நான் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "தமிழ் ஆளாம்மா? அப்ப நம்ம பிள்ளன்னு பாத்துக்கிடுவாக. எனக்கு இனி கவலயில்ல."

சேர்ந்து சில வாரங்களில் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் என் முதல் வரைபடத்தைக் காட்டினேன். அச்சுக் கோடு ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். மேடம் என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில், மெதுவாக, தமிழில் சொன்னார்:

"இதக் கழுதகிட்டக் காட்டினாக்கூட சிரிக்கும். உனக்கெல்லாம் எவன்டி பட்டம் குடுத்தான்?"

நான் காதில் தவறாக விழுந்துவிட்டது என்று நினைத்தேன். சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உடனே மேடம் ஆங்கிலத்துக்கு மாறி, அடுத்த மாணவரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

கூட்டம் முடிந்ததும், எனக்கு அடுத்த மேசையில் வேலை செய்த, சாத்தாரா ஊரிலிருந்து வந்த பெண் என் தோளைத் தட்டினாள். அங்கே எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். "நீ கொடுத்து வைத்தவள்," என்றாள் இந்தியில். "எங்களிடம் எல்லாம் சுற்றறிக்கை வாசிக்கிற மாதிரி பேசுவார். உன்னிடம் மட்டும் ஆயீ மாதிரி பேசுகிறார்."

ஆயீ என்றால் மராத்தியில் அம்மா. நான் அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் அவள் நம்ப வேண்டுமே. அந்த வார்த்தைகளை நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். குரலையும் சிரிப்பையும் அவர்கள் ஏற்கெனவே தங்கள் காதால் கேட்டு, கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. மற்றவர்களைத் திட்ட வேண்டுமானால் மேடம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். என்னைத் திட்டக் கதவே தேவைப்படவில்லை. காரிடாரில், கேன்டீனில், வெளியிலிருந்து விருந்தாளிகள் வந்து நிற்கும்போது, எங்கே வேண்டுமானாலும் முடிந்தது. ஒருமுறை டெல்லியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவரின் முன்னால், என் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடியே, "இவள மாதிரி மரமண்டையக் கட்டி மேய்க்கணும்னு என் தலையெழுத்து," என்றார். அந்தப் பேராசிரியர் நெகிழ்ந்துபோய், தாய்மொழியின் இனிமையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார்.

முதல் வருடம் எனக்குக் கொடுத்த வேலை, கொடியை உயிரோடு புதைப்பது.

கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் அந்தச் செடியின் வாழ்க்கையே அதுதான். கடற்கரையில் காற்று ஓயாமல் மணலை அள்ளிக்கொண்டு வந்து அதன் மேல் போடும். வேறு செடியாக இருந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். இது மூடிய மணலுக்குள்ளேயே கணுவுக்குக் கணு வேர் விடும். நுனி மேல்நோக்கி வளர்ந்து வெளியே தலையை நீட்டும். மறுபடி மணல் மூடும், மறுபடி வேர் விடும். அப்படிப் பிடித்துப் பிடித்து வைத்த மணல்தான் மேடாகிறது. கொடி இல்லாவிட்டால் மேடு இல்லை. மேடு இல்லாவிட்டால் அலை ஊருக்குள் வரும். கொங்கணில் இதற்கு மரியாத வேல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரியாதை என்றால் அங்கே எல்லை, வேல் என்றால் கொடி. கடலுக்கு எல்லை போடுகிற கொடி.

எவ்வளவு ஆழம் புதைத்தால் எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். நான் தொட்டி தொட்டியாக மணலைச் சலித்துக் கொட்டி மூடுவேன். மெல்லிசாக மூடிய கொடி, மூடாத கொடியைவிடச் செழிப்பாக வந்தது. ஆழமாக மூடியவற்றில் சில வரவே இல்லை. தோண்டிப் பார்த்தால் வெளுத்துப்போய், மேலே வர ஒரு விரற்கடை மிச்சமிருக்கையில் அழுகியிருக்கும். இலைகள் மேல் உப்புத் தண்ணீர் தெளிக்கிற வேலையும் இருந்தது. அதற்கு அது அசையவே இல்லை. இலையின் மெழுகுப் பூச்சில் உப்பு வெள்ளையாகக் காய்ந்து நிற்கும், அவ்வளவுதான். அதைக் கொல்ல உப்பு வேண்டாம், நிழல் போதும். பக்கத்தில் உயரமான புல் வளர்ந்து வெயிலை மறைத்தால் பூப்பதை நிறுத்திவிடும்.

எறும்புகளைப் பற்றியும் அந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன். இலைக் காம்பு இலையோடு சேருகிற இடத்தில் இரண்டு சிறு புள்ளிகள் இருக்கும். அதில் தேன் சுரக்கும். பூவில் இருக்கும் தேன் வண்டுக்கும் தேனீக்கும். இது எறும்புக்குச் சம்பளம். எறும்புகள் கொடி முழுக்க ஓடித் திரிந்து, இலையைத் தின்ன வரும் பூச்சிகளைக் கடித்து விரட்டும். மேடம் சில தொட்டிகளில் எறும்பு ஏற முடியாதபடி தண்டைச் சுற்றிப் பசை தடவச் சொன்னார். சில நாட்களில் அந்தக் கொடிகளின் இலைகள் சல்லடையாகிவிட்டன. ஆமை ஓடு போன்ற முதுகுடைய சிறிய பொன்வண்டுகள், அவற்றின் புழுக்கள், எல்லாம் சேர்ந்து நரம்பை மட்டும் மிச்சம் வைத்தன. பசையில் ஒட்டிய எறும்புகள் தேனுக்குக் கீழே கால் உதைத்துக்கொண்டு கிடந்தன. எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"எறும்புக்கு அழுவாத," என்றார் மேடம். "உனக்கு அழவே ஒருத்தரும் இல்ல."

இரண்டாம் வருடம் பூ வேலை தொடங்கியது. அதற்காகவே மேடம் ஒரு வரிசைத் தொட்டிகளைத் தனியாக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கடற்கரையின் பெயர் எழுதிய பலகை செருகியிருந்தது. ரத்னகிரிப் பக்கம் ஒன்று, ராய்காட் பக்கம் ஒன்று, கோவா எல்லையில் ஒன்று என்று வேறு வேறு கரைகள். ஒரு கரைப் பூவின் மகரந்தத்தை இன்னொரு கரைப் பூவில் வைத்து, எந்த ஜோடியில் எவ்வளவு காய் பிடிக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஆய்வேட்டின் பாதி அதுதான்.

அடப்பம்பூ ஒரு காலைப் பொழுதுதான் வாழும். விடிவதற்கு முன்னால் திறக்கும். வெயில் ஏறினால் ஓரம் சுருளும். மதியத்துக்குள் நனைந்த காகிதம் போலக் கசங்கித் தொங்கிவிடும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே, மறுநாள் திறக்கப்போகிற மொட்டைக் கண்டுபிடித்து, பக்கவாட்டில் கீறி, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். சூலகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. பிறகு பூச்சி நுழையாதபடி மல்துணிப் பை கட்ட வேண்டும். மறுநாள் அதிகாலை வந்து, இன்னொரு தொட்டிப் பூவிலிருந்து தூரிகையால் மகரந்தம் எடுத்து, சூலகத்தின் நுனியில் இருக்கும் இரட்டைக் குமிழில் தடவ வேண்டும். மழை விட்டதிலிருந்து புனேயில் குளிர் இறங்கும்வரை, தினமும்.

ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

தடவிய பூக்கள் எல்லாம் இரண்டு நாள் காம்பில் நின்றுவிட்டு, தொட்டால் உதிர்ந்தன. தூரிகையை மாற்றினேன். நேரத்தை மாற்றினேன். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாசனை எதுவும் இல்லாமல் வந்தேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். அறையில் பழைய சுடிதாரில் தைத்திருந்த மணிகளைத் துணி கீறாமல் எடுத்துப் பழகினேன், விரல் நடுங்கக் கூடாது என்பதற்காக.

மேடம் தினமும் காலையில் கொட்டகைக்கு வருவார். உதிர்ந்து கிடக்கும் பூக்களைச் செருப்பு நுனியால் ஒதுக்குவார். கூட வேலைக்காரர்களோ மாணவர்களோ இருந்தால் குரல் இன்னும் கனிவாகிவிடும்.

"தொட்டதெல்லாம் உதிருது பாரு. விளங்காத கைடி உன் கை."

"இன்னும் கவனமாச் செய்யறேன், மேடம்."

"வண்டு செய்யுது. மூளையே இல்லாத வண்டு. உன்னால முடியல."

அந்தப் பருவத்தில்தான் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க ஆபரேஷன் வைத்தார்கள். நான் ஒரு வாரம் ஊருக்குப் போய்வரக் கேட்டேன். மேடம் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பூக்குற காலத்துல எவளுக்கும் அம்மா சாகக் கூடாது," என்றார். அம்மா சாகவில்லை. போனில் அம்மா, "நீ வரவேண்டாம்மா. மேடத்துக்குக் கோவம் வந்துறப் போகுது. அவுகள விட்டா அங்க உனக்கு ஆரு இருக்கா," என்றாள்.

அடுத்த வருடமும் அதே தொட்டிகள், அதே பூக்கள், அதே உதிர்தல். என் கையை எனக்கே பிடிக்காமல் போயிற்று. பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கும்போது விரல்களைப் பார்த்தால் வேறு யாருடையதோ போல இருக்கும். அறையில் சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டினால்கூட, விளங்காத கை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். அதுவும் அவருடைய குரலில்.

மணல் தீர்ந்துபோனதால் சாத்தாராச் சிநேகிதியும் நானும் நிறுவன ஜீப்பில் கடற்கரைக்குப் போனோம். நாங்கள் வழக்கமாக மணல் அள்ளுகிற கரை, மேடம் பலமுறை மாணவர்களோடு வந்த இடம். நல்ல பூக்காலம். மேடு முழுக்க ஊதா விரித்திருந்தது. ஒரு பக்கம் புதிதாக ஒரு ரிசார்ட் முளைத்திருந்தது. நாற்காலி போடுவதற்காகக் கொடியை வேரோடு பிடுங்கி மூலையில் குவித்திருந்தார்கள். வெறும் மணல் தெரிந்த இடத்தில் போன மழைக்காலத்து அலை வந்து மதிற்சுவரில் பாதியைத் தின்றிருந்தது. இன்னொரு பக்கம் புனேக்கார சுற்றுலா ஜீப்புகள் மேட்டின் மேலேயே ஏறி இறங்கி, கொடி நசுங்கி நார்நாராகக் கிடந்தது. நசுங்கிய துண்டுகளில் கணு இருந்த இடமெல்லாம் வேர் விட்டிருந்தது.

நான் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு பூவிலும் வண்டு நுழைந்து, முதுகில் மாவு பூசிக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த பூவுக்குப் போனது. அவ்வளவு பூ, அவ்வளவு வண்டு. ஆனால் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு காய் இல்லை.

ஜீப்பை அடுத்த கரைக்கு விடச் சொன்னேன். அங்கே ஒரு சிற்றாறு கடலில் கலந்தது. ஆறும் கடலும் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட விதைகள் அந்தக் கழிமுகத்தில் ஒதுங்கி முளைத்திருக்க வேண்டும். அடப்ப விதைக்குள் காற்றறை உண்டு. அது கடலில் மாதக்கணக்கில் மிதக்கும். தோல் அவ்வளவு கெட்டி. ஆய்வுக்கூடத்தில் முளைக்க வைக்க வேண்டுமானால் நாங்கள் உப்புத்தாளில் தேய்ப்போம், கரையில் அந்த வேலையை மணலே செய்துவிடும். அந்தக் கழிமுகத்துக் கொடிகளில் பூவைவிடக் காய் அதிகம். உருண்டை உருண்டையாகப் பழுப்பேறிக் கிடந்தன. ஒன்றை உடைத்தேன். உள்ளே வெல்வெட் போல முடி போர்த்திய நான்கு விதைகள்.

அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். காய்க்காத கரை முழுவதும் ஒரே செடி. மழைக்கால அலை வெட்டிப்போட்ட துண்டுகள் வேரூன்றி வேரூன்றிப் பரவிய ஒரே ஒரு கொடி. அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. எத்தனை ஆயிரம் பூ பூத்தாலும், எத்தனை வண்டு உழைத்தாலும், இன்னொரு கொடியின் மகரந்தம் வராவிட்டால் காய் கிடையாது. இது புரிந்த அடுத்த நொடியே கொட்டகையின் தொட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன.

சிநேகிதியிடம் எதுவும் சொல்லவில்லை. கழிமுகத்துக் கொடியில் மொட்டுகளோடு சில துண்டுகளை வெட்டி, ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, மடியில் வைத்துக்கொண்டு புனே வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை வாளியில் பூக்கள் திறந்திருந்தன. அந்த மகரந்தத்தைத் தொட்டிப் பூக்களில் தடவினேன். வேறு எதையும் மாற்றவில்லை. அதே தூரிகை, அதே கை.

உதிரவில்லை. ஒரு வாரத்தில் பூக்காம்புகளின் நுனியில் பச்சை மணிகள் உப்பத் தொடங்கின. எல்லாத் தொட்டிகளிலும்.

அன்று காலை மேடம் கொட்டகைக்குத் தனியாகத்தான் வந்தார். நான் ஓடிப்போய்க் காட்டினேன். இப்போது யோசித்தால் அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாம் புரிந்த பிறகும், அவர் சந்தோஷப்படுவார் என்று என்னில் ஏதோ ஒன்று நம்பியிருந்தது.

மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஆச்சரியமே இல்லை. "யாரக் கேட்டுச் செஞ்ச?"

"கேக்கல, மேடம். வேற கரையிலேர்ந்து மகரந்தம் கொண்டாந்தேன்."

அவர் காய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கினார். பதறாமல், பூக்காரி காம்பு கிள்ளுவதுபோல. கிள்ளிக் கிள்ளி ஈர மணல் வாளியில் போட்டார்.

"மேடம், இந்தத் தொட்டியெல்லாம் ஒரே கொடியா?"

"பின்ன? ஒரு கொடிய வெட்டித்தான் எல்லாத்துலயும் வெச்சேன்."

"வேற வேற கரை பேரு எழுதியிருக்கே."

"நான்தான் எழுதினேன். தடவுறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா கை தளந்துடும். இது தன் மகரந்தத்த ஏத்துக்காதுன்னு காட்டணும்னா, ஏத்துக்கும்னு நம்புற ஒருத்தி முழு மனசோட செஞ்சு தோக்கணும். அச்சா? அப்பத்தான் எவனும் கேள்வி கேக்க முடியாது."

அவர் சொன்னதில் அறிவியலாகப் பார்த்தால் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. பிறகு கேட்டேன்: "அப்ப ரெண்டு வருஷமா என் கையத் திட்டினது எதுக்கு மேடம்?"

கடைசிக் காயையும் கிள்ளிப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "திட்டலன்னா நீ அவ்ளோ சுத்தமாச் செஞ்சிருக்க மாட்ட."

கட்டுரை வெளிவந்தது. மேடத்தின் பெயர் முதலில், என் பெயர் நடுவில் எங்கோ. மகரந்தம் வைத்த முறையை விளக்கும் பகுதியில், எல்லாச் சேர்க்கைகளையும் தேர்ந்த ஒரே கை செய்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. பத்திரிகைக்காகச் சொன்னது.

நான் விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். எங்கே போவது? பாதியில் நின்றவளை வேறு யார் எடுப்பார்கள்? புதைப்பு, உப்பு, எறும்பு என்று மிச்சமிருந்ததை வைத்து ஆய்வேட்டை முடித்தேன். பட்டம் வந்தது. புனேயிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. மேடத்தைப் பார்க்காமலேயே சில வருடங்கள் கழிந்தன.

பிறகு அவருடைய பணி ஓய்வு விழாவுக்கு அழைப்பு வந்தது. சாத்தாராச் சிநேகிதிதான் ஏற்பாடு. இப்போது அவள் அதே நிறுவனத்தில் வேலையில் இருக்கிறாள். "நீ வராவிட்டால் எப்படி? நீதான் அவருக்குச் செல்லம்," என்றாள் போனில்.

அரங்கம் நிறைந்திருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். மணல் போட்டு மூடினால்தான் வளரும் கொடிபோல எங்களை வளர்த்தார் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். என் முறை வந்தபோது, நான் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்குவதாக இருந்தேன். அதற்குள் சிநேகிதி மைக்கில் அறிவித்துவிட்டாள்: இவர் மேடத்தோடு எப்போதும் தமிழில்தான் பேசுவார், இன்றும் தமிழிலேயே பேச வேண்டும், நமக்குப் புரியாவிட்டாலும் அன்பு புரியும்.

கைதட்டினார்கள். மேடம் முன்வரிசையில் பட்டுச்சேலை, மாலையோடு உட்கார்ந்திருந்தார். நான் மைக்கைப் பிடித்தேன். சிரித்தேன். குரல் தானாகவே மெதுவாக, கனிவாக வந்தது.

"மேடம், உங்ககிட்ட இத்தன வருஷம் இருந்தேன். ஒரு நாள்கூட என்னை மனுஷியா நெனச்சு நீங்க பேசினதில்ல. கழுதன்னீங்க. மரமண்டன்னீங்க. எங்க அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, பூக்குற காலத்துல சாகக் கூடாதுன்னீங்க. மத்தியானம் டிபன் பாக்ஸத் தொறந்தா தண்டச்சோறுன்னீங்க. காய்க்காதுன்னு தெரிஞ்ச செடியக் கையில குடுத்துட்டு, காய்க்கலன்னு என் கையத் திட்டினீங்க. நீங்க பெரிய விஞ்ஞானி, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நல்ல மனுஷி இல்ல. இத யாராவது ஒருத்தர் உங்க மொழியில சொல்லாம நீங்க ஓய்வு பெறக் கூடாதுன்னு தோணிச்சு. அதான் வந்தேன். நல்லா இருங்க."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. யாரோ ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலில் கைதட்டத் தொடங்கியவர் மேடம்தான். அவர் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. நான் இறங்கிப்போய்ச் சால்வை போர்த்தியபோது என் கன்னத்தைத் தட்டி, காதருகே சொன்னார்: "இத்தன வருஷமாச்சு. பேச்சு இன்னும் பட்டிக்காடாவேதான் இருக்கு."

சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் இடத்தில் நின்றிருந்தேன். ஜெயித்த மாதிரி எதுவும் தோன்றவில்லை. பக்கத்தில் ஒரு பெண் வந்து குழாயைத் திறந்துவிட்டு, கை நனைக்காமல் நின்றாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் கராடிப் பக்கத்து ஐ.டி. கம்பெனி ஒன்றின் அடையாள அட்டை. வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்ததும் மேடத்தின் மகள் என்று தெரிந்துவிட்டது.

"நீங்க ஸ்டேஜ்ல சொன்னது," என்றாள், வார்த்தை வார்த்தையாகத் தேடி. "எனக்கு தோடா... கொஞ்சம் புரிஞ்சது."

நான் ஓர் அடி பின்னே நகர்ந்தேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அவள் தலையை ஆட்டினாள். "இல்ல, இல்ல. கோவம் இல்ல. வீட்ல அம்மா மராத்திதான் பேசுவாங்க. என்னைத் திட்டறப்ப மட்டும் தமிழ். பப்பாவுக்குத் தமிழ் தெரியாது, அதனால. எனக்கு வேற தமிழ் யாரும் சொல்லித் தரல. ஓன்லி அது."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தினேன்.

"ஒரு வேர்ட் சொன்னீங்க. தண்ட... சோறு. அது என்ன? சோறுன்னா சாதம், தெரியும். சின்ன வயசுல அம்மா அதச் சொன்னா, சாப்பிடக் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். தட்டு எடுத்துட்டு ஓடுவேன். அவங்க சிரிப்பாங்க. அதனால சந்தோஷமான வேர்டுன்னு நெனச்சேன்."

வேறு ஏதாவது அர்த்தம் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுக்கும் உதவாம, சும்மா உக்காந்து தின்னுறவங்களச் சொல்றது," என்றேன்.

"அச்சா," என்றாள். முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அரங்கத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மேடத்தைச் சுற்றிப் பூங்கொத்துகளோடு ஒரு கூட்டம் நின்றது. மேடம் ஒவ்வொருவரிடமும் மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசக் கடைசியில க்வார்ட்டர்ஸ் காலி பண்ணணும்," என்றாள். "பப்பா இல்ல இப்ப. அம்மா கராடிக்கு வர்றாங்க, என் ஃபிளாட்டுக்கு. இனிமே என்கூடதான் இருப்பாங்க. அவங்களுக்கு வேல எதுவும் இருக்காது."

நான் தலையை அசைத்தேன். அவள் கைக்குட்டையில் காய்ந்த கையையே துடைத்துக்கொண்டாள்.

"அந்த வேர்ட இன்னொரு வாட்டி சொல்லுங்க. எப்படிச் சொல்லணும், கரெக்டா?"

"தண்டச்சோறு."

"தண்டசோறு."

"இல்ல. நடுவுல அழுத்தணும். தண்டச்... சோறு."

அவள் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அடுத்த முறை சரியாக வந்தது. குரலை உயர்த்தாமல், லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.